கண்ணுக்குள் ஒரு கடிகாரம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவைப் பற்றியது, சடலத்தைப் பற்றியது. சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொலைச் செய்தி எதை எடுத்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும். 'இறந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம் என்று டாக்டர்கள் தெரிவித்தனர்.' நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். பன்னிரண்டு என்று எப்படித் தெரிந்தது? ஏன் பதினைந்து இல்லை? அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவன் ஊரில் இருந்தானா, வெளியூர் பஸ்ஸில் இருந்தானா என்பதில்தானே அவன் தலை தப்புவது இருக்கிறது! இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இருநூறு ஆண்டுச் சரித்திரம் வருகிறது. எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கனடா நாட்டில் ஒண்டாரியோ மாகாணம். அங்கே கிளிண்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விமானப்படை முகாம். 1959 ஜூன் 9 அன்று மாலை, முகாம் குடியிருப்பில் இருந்த 12 வயதுச் சிறுமி வீடு திரும்பவில்லை. ஜூன் 11 அன்று பக்கத்தில் இருந்த ஒரு தோப்பில் சடலமாகக் கிடைத்தாள். கற்பழித்துக் கொன்றிருந்தார்கள். அவளோடு கடைசியாகக் காணப்பட்டவன் அவள் வகுப்பிலேயே படித்த ஸ்டீவன் டிரஸ்காட். வயது 14. சைக்கிள் முன்பாரில் அவளை உட்காரவைத்துக்கொண்டு போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அவனும் மறுக்கவில்லை. 'நெடுஞ்சாலை முனையில் இறக்கிவிட்டேன், அவள் ஒரு காரில் ஏறிப் போனாள்' என்றான். ஏழு மணி சுமாருக்கு அவளை ஏற்றிக்கொண்டு போனவன், எட்டு மணிக்குப் பள்ளி மைதானத்தில் மற்றப் பிள்ளைகளோடு சாதாரணமாக நின்றுகொண்டிருந்தான்.

ஆக, அந்தப் பெண் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இறந்திருந்தால் பையன் மாட்டினான். எட்டுக்குப் பிறகு இறந்திருந்தால் பையன் இல்லை. வழக்கு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பெனிஸ்டன், மரணம் 7.15க்கும் 7.45க்கும் இடையில் நடந்தது என்று சாட்சி சொன்னார். அரை மணி நேரக் கணக்கு! இரண்டு நாள் வெயிலில் கிடந்த உடலை வைத்து! அவர் முக்கியமாக நம்பியது வயிற்றில் மிச்சமிருந்த உணவை. மாலை 5.45 வாக்கில் சாப்பிட்டு முடித்தவள். உணவு இவ்வளவு செரித்திருக்கிறது, இவ்வளவு மிச்சம் இருக்கிறது. ஆகவே இத்தனை மணிக்குள் உயிர் போயிருக்கிறது. கேட்பதற்கு ஒழுங்கான கணக்குப் போலத்தான் இருக்கிறது. ஆனால் செரிமானம் என்பது ரயில்வே கால அட்டவணை இல்லை. பயந்தால் நிற்கும், அடிபட்டால் நிற்கும், உணவுக்கு உணவு மாறும், ஆளுக்கு ஆள் மாறும். பரீட்சை அன்று காலையில் சாப்பிட்ட இட்லி மத்தியானம் வரை வயிற்றில் கல்லாய்க் கிடந்த அனுபவம் யாருக்கு இல்லை?

ஜூரிகள் டாக்டரை நம்பினார்கள். 1959 செப்டம்பர் 30 அன்று, 14 வயதுப் பையனுக்குத் தூக்குத் தண்டனை. டிசம்பர் 8ஆம் தேதி என்று நாளும் குறித்தார்கள். பிறகு தள்ளிவைத்து, 1960 ஜனவரியில் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். 1966இல் இசபெல் லெபூர்டே என்ற பெண்மணி இந்த வழக்கைத் துருவித் துருவி ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதியதும் நாடே அதைப் பற்றிப் பேசியது. உச்சநீதிமன்றம் மறுபடி விசாரித்தது. இங்கிலாந்திலிருந்து புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். பையன் தரப்பில் பிரான்சிஸ் கேம்ப்ஸ், அரசுத் தரப்பில் கீத் சிம்ப்சன். இருவரும் லண்டன்காரர்கள், ஒரே துறையில் கரைகண்டவர்கள். ஒரே பரிசோதனைக் குறிப்பைப் படித்துவிட்டு எதிரெதிராகப் பேசினார்கள். 1967இல் எட்டு நீதிபதிகள் தண்டனை சரி என்றார்கள். எம்மெட் ஹால் என்ற ஒரே ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

அந்தக் காலத்து டாக்டர்கள் கையில் வேறு என்ன இருந்தது என்று பார்ப்போம்.

ஒன்று, உடல் சூடு. விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியை நமக்குத் தெரியும், சுரங்க விளக்குக் கண்டுபிடித்தவர். அவருடைய தம்பி ஜான் டேவி ராணுவ டாக்டர். மால்டா தீவில் இறந்துபோன சிப்பாய்களின் உடம்பில் வெப்பமானியை வைத்து அளந்து குறித்துவைத்தார். 1839இல் அச்சான அவர் நூலில் இது இருக்கிறது. இறந்த உடல் எப்படிக் குளிர்கிறது என்று எண்ணால் சொல்லப் புறப்பட்ட முதல் சிலரில் அவர் ஒருவர். குளிர் நாட்டுக்கு இது சரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது 37 டிகிரி உடம்பு எங்கே குளிரும்? சூடுதான் ஏறும்.

இன்னொன்று, விறைப்பு. பாரிசில் பியர் நிஸ்டன் என்பவர் 1811இல் இதை ஒழுங்காக எழுதிவைத்தார். தாடையில் தொடங்கி, கழுத்து, கை, கால் என்று கீழே இறங்கும் என்பது அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் விதி. கில்லட்டினில் வெட்டுண்டவர்களின் உடல்கள் அவருக்குக் கிடைத்தன. பிரெஞ்சுப் புரட்சி எதற்கெல்லாம் உதவியிருக்கிறது பாருங்கள்! விறைப்பும் தட்பவெப்பத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஜெய்சிங் மோடியின் மருத்துவச் சட்டவியல் நூல் 1920இல் வந்தது. நம் நாட்டு மருத்துவ மாணவர்கள் நூறு வருடமாகப் படிக்கும் அந்தத் துறையின் பாடங்களில், வட இந்தியாவில் விறைப்பு குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரமும் கோடையில் 18 முதல் 36 மணி நேரமும் நிற்கும் என்று இருக்கும். ஒரே ஊர், ஒரே மனிதர்கள், மாதம் மாறினால் கணக்கு மாறுகிறது.

செத்த உடம்பு ஏன் விறைக்க வேண்டும்? இதற்குப் பதில் 1940கள் வரை சரியாகத் தெரியவில்லை. பதில் வந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் பாதி கசாப்புக் கடை வழியாக வந்தது. தசை சுருங்கவும் வேண்டும், சுருங்கியது பிரியவும் வேண்டும். பிரிவதற்குச் செலவாகும் நாணயம் ஏடிபி என்ற சேர்மம். உயிர் இருக்கும்வரை செல் அதை அச்சடித்துக்கொண்டே இருக்கிறது. மூச்சு நின்றதும் ஆக்சிஜன் இல்லை. தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜனை உடைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டும். அதில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, நடுநிலையில் இருந்த தசை புளித்துப்போகிறது. பிறகு ஏடிபி காலி. அந்த நேரத்தில் தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்தது பிடித்தபடி நின்றுவிடுகின்றன. அதுதான் விறைப்பு. ஹங்கேரியில் எர்டோஸ் 1943இல் இந்தத் தொடர்பைக் காட்டினார். கேம்பிரிட்ஜில் இறைச்சியைக் குளிரில் பாதுகாப்பது பற்றி ஆராய்ந்த பேட்-ஸ்மித், பெண்டால் இருவரும் 1947இல் முயல் தசையில் அதை உறுதிசெய்தார்கள். ஆடு வெட்டிய உடனே சமைத்தால் கறி மெத்தென்று இருக்கும், சில மணி நேரம் விட்டால் ரப்பராகும் என்று எந்தக் கறிக்கடைக்காரரும் சொல்வார். காரணம் இதுதான்.

இங்கேதான் கதை வேதியியலுக்குள் நுழைகிறது. ஏடிபி தீர்ந்தால் தசை மட்டும் நிற்பதில்லை. ஒவ்வொரு செல்லிலும் ஒரு பம்ப் ஓடுகிறது. செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே ரத்தத்தில் வெறும் நாலு, ஐந்து. சோடியம் இதற்கு நேர்மாறு, வெளியே அதிகம், உள்ளே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்காது. ஓட்டைப் படகில் உட்கார்ந்து ஒருவன் ஓயாமல் தண்ணீர் இறைத்து வெளியே ஊற்றுகிற மாதிரி, அந்தப் பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கோ என்பவர் நண்டுக் கால் நரம்பை அரைத்து ஆராய்ந்து 1957இல் இதைக் கண்டுபிடித்தார். நாற்பது வருடம் கழித்து, 1997இல், நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இறைப்பவன் செத்துப்போனால் படகு நிறையும். அதே மாதிரி, உயிர் போனதும் செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கசிகிறது. எவ்வளவு கசிந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லலாம் அல்லவா? யோசனை எளிது. எங்கே அளப்பது என்பதில்தான் சிக்கல். ரத்தத்தில் அளந்தால், சிவப்பணுக்களிலிருந்து மளமளவென்று கொட்டிக் கணக்கு உடனே குழம்பிவிடும். வயிறு, குடல் பக்கம் போனால் கிருமிகள் முதலில் வேலையைத் தொடங்குவது அங்கேதான். உடம்பிலேயே ஒதுக்குப்புறமாக, மூடி வைத்த சம்புடம் மாதிரி, சீக்கிரம் அழுகாத ஓர் இடம் வேண்டும்.

அது கண். விழிக் கோளத்தின் பின்னறையில் கண்ணாடி போன்ற கூழ் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தில் விட்ரியஸ் திரவம் என்று படித்திருப்பீர்கள். ஒரு கண்ணில் சுமார் 4 மில்லி. கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர்தான். சுற்றிலும் விழித்திரை. விழித்திரைச் செல்களிலிருந்து பொட்டாசியம் மெதுவாக, நிதானமாக, நாள் கணக்கில் இந்தக் கூழுக்குள் இறங்குகிறது.

இறந்தவர்களின் விழித் திரவத்தின் வேதியியலை விரிவாக ஆராய்ந்து நௌமன் என்பவர் கட்டுரை வெளியிட்ட ஆண்டு 1959. கிளிண்டனில் அந்தப் பெண் இறந்த அதே ஆண்டு! 1962இல் ஜாஃபி என்பவர், இந்தப் பொட்டாசியம் நேரத்தோடு ஏறுகிறது, இதை வைத்து மரண நேரம் கணிக்கலாம் என்று எழுதினார். 1963, 64இல் அமெரிக்கரான வில்லியம் ஸ்டர்னர் ஒரு சூத்திரமே கொடுத்துவிட்டார். பொட்டாசிய அளவை 7.14ஆல் பெருக்கு, 39.1ஐக் கழி, வருவது மணி நேரம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு. போட்டுப் பார்ப்போம். ஒரு சடலத்தின் கண்ணில் பொட்டாசியம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 71.4 கழித்தல் 39.1. விடை 32.3 மணி நேரம். புள்ளிக்குப் பின்னாலும் ஒரு இலக்கம்! இந்தப் புள்ளியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. புள்ளி வைத்து ஒரு விடை வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். ஸ்டர்னரே முன்பின் பத்து மணி நேரம் வரை தவறலாம் என்ற அளவில்தான் சொன்னார்.

இப்போது அடுத்த கணக்கு. 1989இல் ஜெர்மனியில் புர்க்கார்ட் மடேயா என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் நிறைய சடலங்களை ஆராய்ந்து புதுச் சூத்திரம் தந்தார்கள். 5.26ஆல் பெருக்கு, 30.9ஐக் கழி. அதே 10ஐப் போடுங்கள். 52.6 கழித்தல் 30.9. விடை 21.7 மணி நேரம்.

ஒரே கண், ஒரே துளி, ஒரே அளவு. ஒரு சூத்திரத்தில் 32, இன்னொன்றில் 22. பத்து மணி நேரம் எங்கே போயிற்று?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்த சடலங்களுக்கு அவரவர் கோடு சரி. வெயில் காலத்தில் பொட்டாசியம் வேகமாக ஏறும், குளிரறையில் வைத்தால் மெதுவாக ஏறும். குழந்தைகளுக்கு ஒரு வேகம், பெரியவர்களுக்கு ஒரு வேகம். நீண்ட நாள் நோயில் கிடந்து இறந்தவருக்கு உயிர் போகும் முன்பே உப்புக் கணக்கு கெட்டிருக்கும். இதற்காக மடேயா ஒரு நல்ல வழி சொன்னார். அதே திரவத்தில் யூரியாவையும் அளந்து பார், அது மிக அதிகமாக இருந்தால் இந்த உடலில் பொட்டாசியக் கணக்கே போடாதே என்றார். திரவம் எடுக்கும் முறையிலும் வினை உண்டு. கண்ணின் வெளி ஓரத்தில் மெல்லிய ஊசியை நுழைத்து நிதானமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு உறிஞ்சினால் விழித்திரைத் திசு பிய்ந்து ஊசிக்குள் வந்துவிடும், பொட்டாசியம் எகிறிவிடும். எடுத்த பிறகு அந்த அளவுக்கு உப்பு நீரை உள்ளே செலுத்திவிடுவார்கள். குழிவிழுந்த கண்ணோடு உடலை உறவினர்களிடம் கொடுக்கக் கூடாது அல்லவா? இதையெல்லாம் தாண்டி இன்னொரு சங்கடம், ஒரே ஆளின் இடது கண்ணிலும் வலது கண்ணிலும் ஒரே நேரத்தில் அளவு வேறாக இருப்பதும் உண்டு.

1991இல் நார்வேயில் ரொக்னம் குழுவினர் பொட்டாசியத்தோடு ஹைப்போசாந்தின் என்ற பொருளையும் அளந்தார்கள். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் விஷயம் நமக்குத் தெரிந்தது. மேலே சொன்ன ஏடிபி படிப்படியாகச் சிதையும்போது கடைசிப் படிகளில் வரும் பொருள் அது. வெவ்வேறு வெப்பநிலையில் உடல்களை வைத்து, அது ஏறும் வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டினார்கள். இந்தச் சிதைவுக் கணக்கை ஜப்பானியர்கள் 1959லேயே மீனுக்குப் போட்டுவிட்டார்கள் என்பது தெரியுமா? மீன் பிடித்து எவ்வளவு பழசு என்று பார்க்க, ஏடிபி சிதைந்து வரும் பொருள்களில் இந்தக் கடைசிப் படிகள் எத்தனை சதவீதம் என்று அளக்கும் 'கே மதிப்பு' அது. நம் வீட்டுப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அழுத்திப் பார்த்து இரண்டு நொடியில் சொல்வதை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் எண்ணாக்கினார்கள்.

நாள் கணக்கைத் தாண்டி மாதக் கணக்கு, வருடக் கணக்கு என்று போனால் கண்ணும் உதவாது. இதற்கு ஒரு வேடிக்கையான சம்பவம் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1977 டிசம்பரில் ஒரு பழைய கல்லறை கலைக்கப்பட்டிருந்தது. உள்ளே தலையில்லாத உடல், சதை இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. எலும்பியல் பேராசிரியர் வில்லியம் பாஸ் பார்த்துவிட்டு, இறந்து ஒரு வருடத்துக்குள்தான் இருக்கும், யாரோ புதிதாகக் கொன்று பழைய கல்லறையில் ஒளித்திருக்கிறார்கள் என்றார். கடைசியில் அது அந்தக் கல்லறைக்கே உரிய கர்னல் வில்லியம் ஷை என்பவரின் உடல்தான் என்று தெரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864இல் இறந்தவர்! பதப்படுத்தி, காற்றுப்புகாத வார்ப்பிரும்புப் பெட்டியில் வைத்திருந்ததால் அப்படியே இருந்திருக்கிறார். கணக்கில் 113 வருடம் பிசகு. பாஸ் பெரிய மனிதர். இதை மூடி மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னார், நமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று, தானமாக வந்த உடல்களைத் திறந்த வெளியில் வைத்து ஆராயும் இடம் ஒன்றை டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். 1981இல் முதல் உடல் அங்கே வந்தது. அங்கேதான் அர்பாத் வாஸ், உடலுக்கு அடியில் உள்ள மண்ணை எடுத்து அதில் ஊறிய கொழுப்பு அமிலங்களை அளந்து 1992இல் கட்டுரை எழுதினார். அவர் நாளை மட்டும் எண்ணவில்லை, நாளோடு வெப்பத்தையும் சேர்த்து எண்ணினார். சராசரி வெப்பநிலை 20 டிகிரி என்றால் ஒரு நாளுக்கு 20 மதிப்பெண். மொத்தம் சுமார் 1285 சேர்ந்தால் மென்திசுக்கள் கரைந்து மண்ணில் இறங்குவது ஓய்கிறது. 20 டிகிரியில் 64 நாள், 30 டிகிரியில் 43 நாள். நெல் முற்றுவதற்கு வேளாண் துறையினர் வெப்பத்தைக் கூட்டுவதும் இதே முறைதான்.

இருநூறு ஆண்டில் வெப்பமானி, தசை, கண், மண் என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒழுங்கான நிபுணர் எவரும் அரை மணி நேரக் கணக்குச் சொல்ல மாட்டார். 'இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்' என்று அகலமாகத்தான் எழுதுவார். போலீசுக்கு அது பிடிக்காது, வக்கீலுக்குப் பிடிக்காது, பத்திரிகைக்குப் பிடிக்கவே பிடிக்காது. எனக்கு அப்படி எழுதுகிறவர் மேல்தான் மரியாதை.

டிரஸ்காட் பத்து வருடம் சிறையில் இருந்துவிட்டு 1969இல் பரோலில் வெளியே வந்தார். வேறு பெயரில், குவெல்ஃப் என்ற ஊரில், கல்யாணம் செய்து பிள்ளைகள் பெற்று வாழ்ந்தார். வழக்கு ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய தாள்கள் வெளியே வந்தன. டாக்டர் பெனிஸ்டன் முதலில் எழுதிய வரைவுகளில் மரண நேரம் வேறாக இருந்திருக்கிறது. 1966லேயே அவர் தன் கணிப்பை மறுபடி யோசித்து, இவ்வளவு குறுகலாகச் சொல்ல முடியாது என்ற பொருளில் எழுதியும் இருக்கிறார். அது பையனின் வக்கீல்கள் கைக்குப் போகவே இல்லை. வயிற்று உணவை வைத்து அரை மணி நேரம் குறிப்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று நிபுணர்கள் சொன்னார்கள், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2007 ஆகஸ்ட் 28 அன்று ஐந்து நீதிபதிகள், நடந்தது நீதிப்பிழை என்று சொல்லி அவரை விடுதலை செய்தார்கள். அப்போது அவருக்கு 62 வயது. அடுத்த வருடம் 65 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். அந்தச் சிறுமியைக் கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது.